வெளியே தெரியாத தையல்

2-11-98, திங்கள்

விடியலிலிருந்து மழை. பூஜை அறையில் ஒழுகல், அண்டா வைத்தாயிற்று. கேஸ் இன்றும் வரவில்லை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது.

லீவு முடிந்து இன்றுதான் பள்ளிக்கூடம். ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் ஒரே கேள்வி. "மெட்ராஸ்ல இவ்வளவு நாளா? தம்பி வீட்டுல என்ன விசேஷம் டீச்சர்?" தம்பி பெண்டாட்டிக்கு டைபாய்டு என்றேன். நல்லா இருக்கிறவளைப் படுக்க வைத்தாயிற்று.

வந்ததும் கோமுவுக்குக் கட்டு மாற்றினேன். மார்புக்குக் கீழே உள்ள தையல் நன்றாகக் காய்ந்துவிட்டது. தொடை இடுக்குத் தையல்தான் இன்னும் நீர் கோத்து வடிகிறது. காலையில் வைத்த பஞ்சு மாலைக்குள் சொதசொத என்று. நாற்றம் இல்லை. நிறம் இல்லை. நிணநீர்தான், போகப் போக நின்றுவிடும் என்று மெட்ராஸ் டாக்டர் போனில் சொன்னார்.

இதை இந்த நோட்டில்கூட எழுதாமலே இருந்தேன். யாராவது எடுத்துப் பார்த்துவிட்டால்? இன்று எழுதிவிடுகிறேன். எங்காவது ஓரிடத்தில் உள்ளபடி இருக்கட்டும்.

கோமதி, என் ஒரே மகள். வயது இருபத்தைந்து. கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறாள். ஆவணியில் வள்ளியூர் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் பிடித்துப் பேசி முடித்தார்கள். அதற்கு அடுத்த வாரம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். பார்த்தால் இதயத்தில் ஓட்டை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது. அவங்க, கோமுவின் அப்பா, உடனே சொன்னாங்க: "ஏளா, வள்ளியூருக்கு ஒரு வார்த்தை சொல்லிருவோம்." நான்தான் வேண்டாம் என்றேன். முதலில் சரியாகட்டும் என்றேன்.

மெட்ராஸ் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, நெஞ்செலும்பை நடுவில் பிளந்து செய்வது. மற்றது, மார்புக்குக் கீழே சின்னதாக வெட்டிச் செய்வது. இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரம் இரத்தத்தை ஒரு மெஷின் ஓட்டும். அதற்கான குழாய்களை நெஞ்சு வழியாக விடாமல், தொடை இடுக்கில் இருக்கிற பெரிய தமனியிலும் சிரையிலும் விடுவார்கள். முடிந்ததும் குழாயை எடுத்துவிட்டுத் தமனியைத் தைத்து மூடுவார்கள்.

"பிளந்து செய்யறதுதான் எங்களுக்குப் பழகின வழி. இதுல நெஞ்சுக்குக் கஷ்டம் குறைவு. ஆனா கால்ல புதுசா ஒரு கஷ்டம் வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நான் யோசிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பிளவுஸ் போட்டால் தெரியாதே?

கோமு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

4-11-98, புதன்

மழை விட்டு விட்டு. ஆற்றில் வெள்ளம். குறுக்குத்துறைக் கோவில் பாதி முங்கிவிட்டதாம். பத்தாம் வகுப்புப் பையன்கள் பாடத்தை விட்டுவிட்டு அதையே பேசுகிறார்கள்.

சாயங்காலம் வள்ளியூரிலிருந்து போன். மாப்பிள்ளையின் அம்மா. நான் மதினி என்றுதான் கூப்பிடுகிறேன், அவர்களும் அப்படித்தான். இரும்புக்கடைக்காரர் வீடு, மகன் பாலிடெக்னிக்கில் வாத்தியார். நல்ல மனுஷி. சத்தமாகப் பேசுவார்கள், ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கணும்.

"மதினி, எங்க கொழுந்தன் பொண்டாட்டி நேத்து ஜங்ஷன்ல கோமதியப் பாத்தாளாம். ஒரு பக்கமா சாய்ஞ்சு நடக்காளாமே? காலுக்கு என்ன?"

வாய் தானாகத் திறந்தது. "ஒண்ணுமில்ல மதினி, படித்துறையில வழுக்கிட்டா. சுளுக்குத்தான்."

"ஆத்துல வெள்ளம்னு பேப்பர்ல போட்டிருக்கான். இந்த நேரத்துல படித்துறைக்கு எதுக்குப் போனா?"

"வெள்ளம் பாக்கத்தான்."

எவ்வளவு வேகமாக வருகிறது! பிள்ளைகளை எழுப்பி ஒரு கேள்வி கேட்டால் முழிக்கிற முழிக்கு நான் அடித்திருக்கிறேன். நான் முழிக்கவே இல்லை.

இருபத்திரண்டாம் தேதி நிச்சயதாம்பூலம். அதற்குள் நடை சரியாகிவிடும்.

5-11-98, வியாழன்

உளுந்து ஊறப் போட மறந்துவிட்டேன். இரவு உப்புமா.

கோமு: "நான் எந்தப் படித்துறையில விழுந்தேன்?"

"குறுக்குத்துறைன்னு வச்சுக்கோ."

"எந்தக் காலு?"

"வலதுதான். விளையாடாத."

"விளையாடலம்மா. அவங்க கேட்டா நான் சரியாச் சொல்லணும்ல்லா. அதான் மனப்பாடம் பண்ணுதேன்."

அவங்க பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தாங்க. பக்கம் புரளவே இல்லை.

7-11-98, சனி

வெயில். துணியெல்லாம் ஒரு வழியாகக் காய்ந்தது. கேஸ் வந்தது.

கட்டு மாற்றும்போது விரலுக்குத் தட்டுப்பட்டது. தையலுக்குப் பக்கத்தில் ஒரு புடைப்பு. சின்ன எலுமிச்சங்காய் அளவு. மேலே தோல் கொஞ்சம் சிவந்திருக்கிறது. நெறி கட்டியிருக்கும் என்று நினைத்தேன். புண் இருந்தால் நெறி கட்டத்தானே செய்யும்.

கையை வைத்தேன். துடித்தது.

"என்னம்மா?" என்றாள் கோமு.

"ஒண்ணுமில்ல. நெறி கட்டிருக்கு."

குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு என் தொடை இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். எனக்கும் துடிக்கிறது. எல்லாருக்கும் அங்கே துடிக்கும். ஆனால் எனக்கு உள்ளே, ஆழத்தில். அவளுக்குத் தோலையே தூக்கித் தூக்கி விடுகிறது.

நான் விலங்கியல் டீச்சர். சிரை துடிக்காது, தமனி துடிக்கும். இதைக் கரும்பலகையில் சிவப்பும் நீலமுமாகப் படம் போட்டு எத்தனை வருஷமாகச் சொல்லுகிறேன். தைத்த இடம் விட்டுக்கொடுத்து இரத்தம் வெளியே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது என்பது எனக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்ல? மெட்ராஸிலிருந்து கிளம்பும்போதும் டாக்டர் சொன்னார்: அந்த இடத்தில் வீக்கம் வந்து துடித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது.

அவங்ககிட்டே சொல்லவில்லை. சொன்னால் இப்போதே ஆஸ்பத்திரி என்பாங்க. ஆஸ்பத்திரி என்றால் திரும்பப் படுக்கை, திரும்ப ஆபரேஷன். நிச்சயம் தள்ளிப்போகும். ஏன் என்று கேட்பார்கள். எல்லாம் வெளியே வரும்.

இருபத்திரண்டு கழியட்டும் என்று நினைத்தேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

8-11-98, ஞாயிறு

வள்ளியூர் மதினி வந்துவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல், தனியாக, பஸ் ஏறி. கையில் ஒரு பாட்டில் எண்ணெய்.

"எங்க வீட்டுல யாருக்குச் சுளுக்குன்னாலும் நான்தான் தடவிவிடுவேன். ரெண்டு தடவு தடவினா சரியாப் போகும். நிச்சயத்தன்னைக்குப் பிள்ளை நொண்டிக்கிட்டா நிக்கணும்? ஏட்டி கோமதி, பாயை விரி."

அவங்க காய் வாங்கப் போயிருந்தாங்க. நான் காபி போட உள்ளே போனேன். ஏன் போனேன்? அப்போதே கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். காபி போடுகிற நேரத்தில் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

டம்ளரோடு வாசற்படிக்கு வந்து நின்றேன். கோமு பாயில் படுத்திருந்தாள். மதினி பாவாடையை முட்டுக்கு மேல் ஒதுக்கிவிட்டுக் கணுக்காலிலிருந்து உருவிக்கொண்டு வந்தார்கள். "இங்கன வலிக்கா? இல்லியா? அப்ப மேலதான்." முட்டைத் தாண்டி, தொடை. கட்டை விரலால் அழுத்தி, மேலே, மேலே.

கோமு என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "பைய, மதினி."

நிறுத்துங்க என்று இல்லை. தொடாதீங்க என்று இல்லை. பைய!

கோமு அவர்கள் கையைப் பிடித்துவிட்டாள். "அத்தை, அதுக்கு மேல தொடாதீங்க. அது சுளுக்கு இல்ல."

எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டை, மெட்ராஸ், மெஷின், குழாய். அழாமல், கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லுகிற குரலில். "நான் எங்கயும் விழல அத்தை. கட்டுக்குப் பக்கத்துல ஒரு வீக்கம் துடிக்கி. நெறின்னு அம்மா சொல்லுதா. எனக்கு நெறி மாதிரி தெரியல."

ஆக, அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

மதினி ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெயை முந்தானையில் துடைத்தார்கள். கோமுவின் தலையைத் தொட்டு, "உசுருக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காபி குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் தெரு திரும்புகிற வரைக்கும்தான் பொறுத்தேன். பிறகு கத்தினேன். "உன் வாழ்க்கையை நீயே கெடுத்துக்கிட்டியே, பாவி!"

"என் வாழ்க்கை அங்கனயாம்மா இருக்கு?" என்றாள், வாசலைக் காட்டி.

காய்ப் பையோடு வந்து நின்ற அவங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வள்ளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு என்று மட்டும் சொன்னேன். வீக்கத்தைப் பற்றி அப்போதும் நான் சொல்லவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

10-11-98, செவ்வாய்

நர்சிங் ஹோம். வண்ணாரப்பேட்டை, ஆற்றுக்கு அக்கரையில். நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை குளியலறையிலிருந்து "அம்மா" என்று ஒரே ஒரு குரல். பதறின குரல்கூட இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தரையெல்லாம் சிவப்பு, தண்ணீரோடு கலந்து ஓடுகிறது. பாவாடைக்குள்ளிருந்து விட்டு விட்டு வருகிறது.

படுக்க வைத்துக் கையை வைத்து அமுக்கினேன். உள்ளங்கை அடிப்பாகத்தால், என் முழுப் பாரத்தையும் போட்டு. நின்றது. கொஞ்சம் தளர்ந்தால் வருகிறது. அவங்க சட்டைகூடப் போடாமல் ஓடி ஆட்டோ கூட்டி வந்தாங்க. அவளைத் தூக்கும்போதும் கையை எடுக்கவில்லை. ஆட்டோவில் அவள் என் மடியில் குறுக்கே, நான் அவள் மேல் குனிந்து. ஆற்றுப் பாலத்தில் வெள்ளம் பார்க்கிற கூட்டம். ஆட்டோ நகரவில்லை. அவங்க இறங்கி, "வழி விடுங்கய்யா, வழி விடுங்கய்யா" என்று கும்பிட்டுக்கொண்டே முன்னால் ஓடினாங்க. வெறும் உடம்போடு. ஆபீசில் எல்லாரும் ஐயா என்று எழுந்து நிற்கிற மனுஷர்.

கோமு முகம் வெளுத்து வெளுத்து வந்தது. "கை வலிச்சா சொல்லும்மா" என்றாள் என்னிடம்.

டாக்டர் வந்து தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். "நான் பிடிச்சுக்கிட்டேன். நீங்க விடலாம்." விடமுடியவில்லை. விரல் மடங்கிப்போய் நின்றுவிட்டது. நர்ஸ்தான் பிரித்து எடுத்தாள்.

"இது எப்ப இருந்து துடிக்கி?" என்று கேட்டார்.

"தெரியல டாக்டர்."

"தினம் கட்டு மாத்துனது யாரு?"

"நான்தான்."

உள்ளே போய்விட்டார்.

தைத்த இடத்தில் சீழ் பிடித்துத் தமனியின் தையல் விட்டிருக்கிறது. தொடையை நீளமாகத் திறந்து, கெட்டதை வெட்டி எடுத்து, அவள் காலிலிருந்தே ஒரு துண்டு சிரையை எடுத்து ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறார்கள். கால் பிழைத்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருக்கிறது.

வராந்தாவில் அவங்க கேட்டாங்க. "ஏளா, உனக்குத் தெரியுமா?"

"சனிக்கிழமையே தெரியும்."

அவங்க எழுந்து போய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாங்க. திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

13-11-98, வெள்ளி

நர்ஸ் கோமுவிடம்: "தழும்பு கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும்மா."

"இருக்கட்டும் சிஸ்டர்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இட்லி ரெண்டு. பால். ஜுரம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக்கொடுத்தேன். காரணம்: மகளுக்கு ஆபரேஷன். எழுதி முடித்ததும் வேறு ஏதாவது போடலாமா என்று பேனா நின்றது. அப்படியே கொடுத்துவிட்டேன்.

வள்ளியூரிலிருந்து ஒரு போனும் இல்லை.

19-11-98, வியாழன்

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தாயிற்று. திரும்ப மழை. அண்டா திரும்பப் பூஜை அறையில்.

கட்டு மாற்றப் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு போனேன். "வச்சுட்டுப் போம்மா. நானே பாத்துக்கிடுதேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

வெளியே நின்றேன். ப்ளாஸ்டர் பிரிக்கிற சத்தம். ஒரு தடவை "ஸ்" என்றாள். நான் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

அவங்க என்னோடு பேசுறாங்க: பால் வந்தாச்சா, கரண்ட் எப்ப போச்சு. அவ்வளவுதான்.

22-11-98, ஞாயிறு

வெயில். இன்று நிச்சயதாம்பூலமாக இருந்திருக்கும்.

காலையில் வள்ளியூர் போனேன். அவங்ககிட்டே சொல்லிவிட்டுத்தான் போனேன். "நானும் வரவா?" என்று கேட்டாங்க. வேண்டாம், நான் செய்தது நானே போகிறேன் என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாங்க. நாகர்கோவில் பஸ், ஜன்னல் சீட்டு. நாங்குநேரி தாண்டுகிற வரைக்கும் என்ன பேச வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக அமைத்துக்கொண்டு போனேன். கேள்வித்தாள் தயாரிப்பது போல.

மதினி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க மதினி" என்றார்கள். அதே சத்தம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரி சேதியை எங்க கொழுந்தன் பொண்டாட்டி சொன்னா. பிள்ளை எப்படி இருக்கா?"

"நடக்கா. எல்லாத் தப்பும் என் பேர்லதான் மதினி. அவ அப்பா அன்னைக்கே சொல்லச் சொன்னாங்க. நான்தான்..." அதற்கு மேல் அமைத்து வைத்திருந்த ஒரு வாக்கியமும் வரவில்லை.

முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"அன்னைக்கு நீங்க வாசப்படியில நின்னீங்க. நான் பாத்தேன். 'பைய'ன்னீங்க, சுளுக்குத் தடவினா பிள்ளைக்கு வலிக்கும்னு சொல்லுதீங்கன்னுல்லா நினைச்சேன். அது என் கையில பொட்டி உடைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும் மதினி? என் கட்டை விரலுக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம் இருந்துச்சு? சாகுற வரைக்கும் நான்தான் பிள்ளையக் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டே கெடந்திருப்பேன். நீங்களும் அப்படியே நினைக்க விட்டிருப்பீங்க."

விட்டிருப்பேனா? மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. விட்டிருப்பேன் என்றுதான் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

"நெஞ்சுல ஓட்டை இருந்துச்சு, அடைச்சாச்சு. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. அவனுக்கும் பிள்ளையப் பிடிச்சுத்தான் இருக்கு. நான் முடிவு சொன்னதுலேருந்து நாலு நாளா எங்கிட்ட பேசாமத்தான் இருக்கான். ஆனா நாளைக்கு இங்கன ஒரு நல்லது கெட்டதுன்னா, நீங்க சொல்லுதது நெசமா இல்லியான்னு நான் யாருகிட்ட போய்க் கேக்க? பொண்ணு வேண்டாம்னு சொல்லல மதினி. உங்க சம்பந்தம் எனக்கு வேண்டாம்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். ஆகவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் இன்னொன்றை அமைத்துக்கொண்டு வந்தேன். உள்ளதை எழுதவேண்டும் என்றால் இதையும் எழுதவேண்டும். வீட்டுக்குப் போய், "ஹார்ட் கேஸ்னு வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லிவிடலாம். எல்லாரும் நம்புவார்கள். கோமு அவர்களை வெறுத்துவிட்டுப் போவாள். என் மேல் இருக்கிற கோபமும் கொஞ்சம் குறையும். ஜங்ஷனில் இறங்கும்போது அந்த வாக்கியம் முழுசாகத் தயாராக நாக்கில் இருந்தது.

கோமு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். அவங்க ஈஸிசேரில்.

"என்னம்மா சொன்னாங்க?"

சொன்னேன். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே. கட்டை விரலையும் சொன்னேன். நான் விட்டிருப்பேன் என்று எனக்கே தோன்றினதையும் சொன்னேன். உங்க சம்பந்தம் எனக்கு வேண்டாம் என்றதை முதலில் வாய்க்குள்ளேயே சொன்னேன். திரும்ப ஒரு தடவை சொன்னேன்.

அவங்க கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாங்க.

கோமு சீப்பில் சிக்கின முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் அத்தை இடத்துல இருந்தாலும் இதையேதாம்மா சொல்லிருப்பேன்."

சரி என்றேன்.

காலைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். "நின்னுக்கிட்டே இருக்காத. உக்காரு."

உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.